நகரத்து அரசு உயர்நிலைப் பள்ளி: தேர்ச்சிக் கணக்கையும் மாணவர் பின்னணியையும் சேர்த்துப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றைப் பற்றித் தேடினால் இரண்டு வகை எண்கள் கிடைக்கும். தேர்ச்சி விகிதம், பாடவாரி சராசரி, தரவரிசை ஆகியவை ஒரு பக்கம். எத்தனை பேர் வசதி குறைந்த வீட்டிலிருந்து வருகிறார்கள், எத்தனை பேர் வீட்டில் வேறு மொழி பேசுகிறார்கள், எத்தனை பேர் மாற்றுத்திறனாளிகள் என்ற கணக்கு இன்னொரு பக்கம். பெற்றோர் பலர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்து மயங்கிவிடுகிறார்கள், அல்லது இரண்டாவது பக்கத்தைப் பார்த்துப் பயந்துவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தால்தான் அந்தப் பள்ளி பிள்ளைகளுக்கு என்ன செய்கிறது என்பது பிடிபடும். பெற்றோரும் இளம் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

தேர்ச்சி விகிதம் அதிகமுள்ள பள்ளிதானே நல்ல பள்ளி?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

முதல் பள்ளியில் தேர்வு எழுதியவர்கள் 100 பேர். அதில் 80 பேர் வசதியான வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் 72 பேர் தேறினார்கள், அதாவது 90 சதவீதம். வசதி குறைந்த 20 பேரில் 10 பேர் தேறினார்கள், 50 சதவீதம். மொத்தத் தேர்ச்சி 82.

இரண்டாவது பள்ளியிலும் 100 பேர். வசதியானவர்கள் 20 பேர்தான். 19 பேர் தேறினார்கள், 95 சதவீதம். வசதி குறைந்தவர்கள் 80 பேர். 48 பேர் தேறினார்கள், 60 சதவீதம். மொத்தத் தேர்ச்சி 67.

பட்டியலில் 82, 67 என்றுதான் வரும். பார்க்கிறவர்கள் முதல் பள்ளிக்கு ஓடுவார்கள். ஆனால் வசதியான வீட்டுப் பிள்ளைக்கும் இரண்டாவது பள்ளிதான் மேல், ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அதுதான் மேல். முதல் பள்ளி முந்தியதற்கு ஒரே காரணம், அங்கே சேர்ந்தவர்கள் யார் என்பது. புள்ளியியலில் இதைச் சிம்சன் முரண் என்பார்கள். நகரத்துப் பள்ளிகளை ஒப்பிடும்போது இந்த முரண் அடிக்கடி தலைகாட்டும். ஏனென்றால் ஒரே நகரத்தில், சில தெருக்கள் தள்ளியிருக்கும் இரண்டு பள்ளிகளில்கூட மாணவர் கலவை அடியோடு வேறாக இருக்கும்.

ஆகவே மொத்த விகிதத்தைப் பார்த்தவுடன் அடுத்த வேலை, பிரிவுவாரி விகிதத்தைத் தேடுவது. உங்கள் பிள்ளை எந்தப் பிரிவில் வருமோ அந்த வரியைப் படியுங்கள்.

அப்படியானால் குடும்பப் பின்னணிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறதா? பள்ளிக்கு வேலையே இல்லையா?

இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலான ஆராய்ச்சி வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் 1964இல் வந்த குடிமை உரிமைச் சட்டத்தின் உத்தரவுப்படி சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் சுமார் 6 லட்சம் மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 1966இல் அறிக்கை வெளியானது. கட்டடம், நூலகம், செலவு ஆகியவற்றைவிட வீட்டுப் பின்னணிதான் மதிப்பெண்ணோடு நெருங்கிய தொடர்புடையது என்று அது சொன்னது. சக மாணவர்களின் பின்னணிக்கும் பங்கு உண்டு என்றது. ‘பள்ளியால் ஒன்றும் ஆகாது’ என்று பலர் இதற்குப் பொருள் எடுத்துக்கொண்டார்கள். அது அவசர முடிவு.

லண்டனின் உட்பகுதியில் 12 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து 1979இல் முடிவுகளை வெளியிட்ட மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டரின் குழு வேறொன்றைக் கண்டது. சேரும்போதே மாணவர்களிடம் இருந்த வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், பள்ளிக்குப் பள்ளி விளைவுகள் மாறின. அந்த வித்தியாசம் பள்ளியின் அளவோடும் கட்டடத்தின் வயதோடும் பெரிதாக ஒட்டவில்லை. வீட்டுப்பாடம் கொடுத்துத் திருத்துகிறார்களா, வகுப்பு நேரம் பாடத்துக்குப் போகிறதா, மாணவர்களைப் பாராட்டுகிறார்களா, பொறுப்புகளை ஒப்படைக்கிறார்களா என்பவற்றோடு ஒட்டியது. எல்லாமே ஒரு தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் மனம் வைத்தால் மாற்றக்கூடியவை.

இன்னொரு சான்று, பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு 2000 முதல் நடந்துவரும் பீசா என்ற பன்னாட்டுத் தேர்வு. 2022 சுற்றில் 81 நாடுகளும் பகுதிகளும் பங்கேற்றன. ஓஇசிடி நாடுகளின் (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பு) சராசரியில், வசதியான கால்பங்கு மாணவர்களுக்கும் வசதி குறைந்த கால்பங்கினருக்கும் கணிதப் பாடத்தில் 93 புள்ளி இடைவெளி. பெரிய இடைவெளிதான். ஆனால் அதே தேர்வில், மாணவர்களுக்கிடையிலான மொத்த வேறுபாட்டில் சுமார் 15 சதவீதத்தைத்தான் குடும்பப் பின்னணியால் விளக்க முடிந்தது. வசதி குறைந்தவர்களில் பத்தில் ஒருவர் தம் நாட்டின் முதல் கால்பங்கில் இடம்பிடித்தார்.

பின்னணி பாரமானது, ஆனால் தலையெழுத்து ஆகாது. ‘எங்களிடம் வருவது இப்படிப்பட்ட பிள்ளைகள், நாங்கள் என்ன செய்ய’ என்று கைவிரிக்கிற பள்ளியை நான் ஏற்க மாட்டேன். பிள்ளைகள் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று பார்க்காமல் பள்ளியைத் தூற்றுகிற பட்டியலையும் ஏற்க மாட்டேன்.

‘முன்னேற்ற மதிப்பெண்’ என்கிறார்களே, அது என்ன?

மாணவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதோடு எங்கிருந்து புறப்பட்டார் என்பதையும் சேர்த்து அளக்கும் முறை. இங்கிலாந்தில் 2016 முதல் எல்லா உயர்நிலைப் பள்ளிகளுக்கும் வெளியிடப்பட்ட ‘புரோக்ரஸ் 8’ இதற்கு நல்ல உதாரணம். 11 வயதில் தொடக்கப் பள்ளி முடிக்கும்போது ஒரு பிள்ளை எடுத்த மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். நாடு முழுக்க அதே மதிப்பெண்ணோடு புறப்பட்டவர்கள் 16 வயதில் 8 பாட இடங்களில் சராசரியாக என்ன எடுத்தார்கள் என்று பார்க்கிறார்கள். இந்தப் பிள்ளை அதைவிட மேலே போனதா, கீழே போனதா என்பதுதான் கணக்கு. பள்ளியின் மதிப்பெண் பூஜ்யம் என்றால் நாட்டுச் சராசரியை ஒட்டிய முன்னேற்றம். கூட்டல் 1 என்றால் ஒவ்வொரு பாடத்திலும் ஒரு படி மேலே.

இந்த முறைக்குத் தொடக்கப் புள்ளி இல்லாமல் முடியாது. பெருந்தொற்றால் 2020இலும் 2021இலும் 11 வயதுத் தேர்வு நடக்கவில்லை. அதனால் அந்த இரண்டு ஆண்டு மாணவர்கள் பள்ளி இறுதித் தேர்வை எழுதியபோது புரோக்ரஸ் 8 கணக்கிட வழியில்லாமல் போனது.

இதிலும் ஒரு தகராறு உண்டு. 2006 முதல் சில ஆண்டுகள் இங்கிலாந்து வறுமை, வீட்டு மொழி போன்றவற்றையும் கழித்துவிட்டுப் பள்ளியை மதிப்பிட்டது. ஏழைப் பிள்ளைகளிடம் குறைவாகத்தான் எதிர்பார்க்க வேண்டும் என்று அது சொல்லாமல் சொல்கிறது என்ற கண்டனம் எழ, அதைக் கைவிட்டார்கள். கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பின்னணியை முழுக்க விட்டுவிட்டால், கடினமான பகுதியில் உழைக்கும் ஆசிரியர்களுக்கு அநியாயம் நடக்கிறது. என் கருத்து: ஆசிரியரின் உழைப்பை எடைபோட, பின்னணியைக் கழித்த எண். பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றிப் பேச, கழிக்காத எண். இரண்டையும் வெளியிடுவதுதான் நேர்மை.

98 சதவீதத் தேர்ச்சி என்று பதாகை வைத்திருக்கிறார்கள். நம்பலாமா?

எண் சரியாகவே இருக்கும். எத்தனை பேரில் 98 சதவீதம் என்று கேளுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் 200 பேர் சேர்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வழியில் 50 பேர் காணாமல் போனார்கள். சிலர் இடம் மாறினார்கள், சிலர் வேலைக்குப் போனார்கள், சிலரை ‘தனித்தேர்வராக எழுதிக்கொள்’ என்று பள்ளியே நயமாக வெளியே அனுப்பிவிட்டது. தேர்வு எழுதிய 150 பேரில் 147 பேர் தேறினார்கள். 147ஐ 150ஆல் வகுத்தால் 98 சதவீதம். சேர்ந்த 200ஆல் வகுத்தால் 73.5 சதவீதம். வேறு ஊருக்கு முறையாக மாற்றலாகிப் போனவர்களை 200இலிருந்து கழிப்பது சரி. எங்கே போனார்கள் என்றே தெரியாதவர்களைக் கழிப்பது சரியில்லை.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தன் வசதிக்கு ஒரு சூத்திரம் வைத்திருந்ததால் இந்தக் குழப்பம் பெரிதாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த அணியை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்து, மாற்றலானவர்களைத் திருத்திக் கணக்கிடும் பொது முறையை 2008இல் விதியாக்கினார்கள். 2010–11இல் அந்த முறையில் கிடைத்த முதல் தேசிய எண் 79 சதவீதம். இங்கிலாந்திலும் பள்ளியின் மதிப்பெண்ணைக் காப்பாற்றுவதற்காக மாணவர்களைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதைக் கல்வி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் தனியாகக் கண்காணிக்கிறது.

காணாமல் போகிற பிள்ளைகள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளாக, அடிக்கடி வீடு மாறுகிறவர்களாக, படிப்பில் சிரமப்படுகிறவர்களாக இருப்பார்கள். பள்ளி யாருக்காக இருக்கிறதோ அவர்களையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டுக் கொண்டாடும் தேர்ச்சி எனக்கு வருத்தத்தைத்தான் தருகிறது.

வசதி குறைந்த மாணவர்கள் எத்தனை பேர் என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பெரும்பாலான இடங்களில் வீட்டு வருமானத்தை நேரடியாக யாரும் அளப்பதில்லை. இலவச மதிய உணவுக்குத் தகுதியுள்ளவரா என்பதையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் வறுமைக் கோட்டின் 130 சதவீதம் வரை வருமானம் இருந்தால் இலவசம், 185 சதவீதம் வரை சலுகை விலை. இங்கிலாந்தில் 2011இல் தொடங்கிய கூடுதல் நிதித் திட்டமும் இலவச உணவுக் கணக்கை ஒட்டித்தான் நடக்கிறது. கடந்த 6 ஆண்டுகளில் எப்போதாவது தகுதி பெற்றிருந்தாலே பள்ளிக்கு நிதி உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வறுமை மிகுந்த அமெரிக்கப் பள்ளிகள் தனித்தனி விண்ணப்பம் வாங்காமல் எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு போட 2010ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. நல்ல காரியம். ஆனால் அந்தத் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகள் சிலவற்றின் புள்ளிவிவரத்தில் வசதி குறைந்தவர்கள் 100 சதவீதம் என்று வந்துவிடுகிறது. முந்தைய ஆண்டு 70, இந்த ஆண்டு 100 என்று பார்த்தால் ஊரே ஏழையாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். விதி மாறியிருக்கும்.

வேற்று மொழி பேசும் மாணவர்கள் அதிகமுள்ள பள்ளியில் மதிப்பெண் ஏன் குறைகிறது?

பாட மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிற மாணவர்கள் என்று ஒரு பிரிவு இருக்கும். அந்தப் பிரிவின் தேர்ச்சி ஆண்டுதோறும் தாழ்ந்தே கிடக்கும். அதற்கு அந்தப் பிரிவின் அமைப்பே ஒரு காரணம். மொழி நன்றாக வந்துவிட்ட மாணவர் பிரிவிலிருந்து வெளியேறிவிடுகிறார். அவருடைய இடத்தில் நேற்று வந்திறங்கிய பிள்ளை சேர்கிறது. வெற்றி பெற்றவர்கள் எல்லாம் போய்விடுகிற பட்டியல் எப்படி உயரும்? வெளியேறியவர்கள் பின்னால் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டால்தான் பள்ளியின் உழைப்பு தெரியும்.

காலமும் தேவை. விளையாட்டு மைதானத்தில் பேசுகிற அளவுக்கு மொழி வர ஏறக்குறைய 2 ஆண்டு, பாடப் புத்தகத்தை வயதுக்கேற்பப் படித்து எழுத 5 முதல் 7 ஆண்டு என்று கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் எடுத்துக்காட்டினார். சரளமாகப் பேசுகிற பிள்ளை அறிவியல் தேர்வில் தடுமாறினால் சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள்.

போன ஆண்டு 74, இந்த ஆண்டு 66. பள்ளி சரிந்துவிட்டதா?

ஓராண்டை வைத்துச் சொல்ல முடியாது. 20 பேர் உள்ள பிரிவில் ஒருவர் தவறினாலே 5 சதவீதம் இறங்கும். மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். சிறிய பிரிவுகளின் எண்ணைப் பல இடங்களில் வெளியிடவே மாட்டார்கள். யார் தவறினார் என்று ஊருக்கே தெரிந்துவிடும் என்பதால் அந்தக் கட்டத்தில் கோடு மட்டும் இருக்கும்.

வருகைப் பதிவைப் பார்ப்பதால் என்ன பயன்?

மதிப்பெண்ணுக்கு முன்னால் தெரிகிற அறிகுறி அது. ஆனால் சராசரி வருகை ஏமாற்றும். 93 சதவீத வருகை என்றால் எல்லாரும் ஒழுங்காக வருகிறார்கள் என்று தோன்றும். உண்மையில் பெரும்பாலோர் தினமும் வந்து, ஒரு கூட்டம் மட்டும் மாதக்கணக்கில் வராமல் இருந்தாலும் அதே 93 வரும். ஆகவே பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராதவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். 180 நாள் பள்ளியில் அது 18 நாள். மாதத்துக்கு இரண்டு நாள் மட்டம் போட்டாலே எட்டிவிடலாம். ஆஸ்துமா, நம்ப முடியாத பேருந்து, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம், வாடகை கட்ட முடியாமல் வீடு மாறுவது என்று நகரத்துப் பிள்ளைகள் வராததற்குப் பின்னால் காரணங்கள் இருக்கும். பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போடுகிற பள்ளியும், அபராதக் கடிதம் மட்டும் அனுப்புகிற பள்ளியும் ஒன்றல்ல.

எந்த வகுப்பை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்?

ஒன்பதாம் வகுப்பு. எல்லாரும் இறுதித் தேர்வு வகுப்பைத்தான் பார்க்கிறார்கள். சிகாகோ நகரப் பொதுப் பள்ளிகளில் 2005இல் வெளியான ஓர் ஆய்வு மிக எளிய ஓர் அளவுகோலை வைத்தது. ஒன்பதாம் வகுப்பு முடிவில், அடுத்த வகுப்புக்குப் போகப் போதுமான பாடங்களை முடித்திருக்க வேண்டும். முக்கியப் பாடங்களில் ஒரு பருவத்துக்கு மேல் தோல்வி இருக்கக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்த மாணவர்கள் நான்கு ஆண்டில் பள்ளியை முடிக்கும் வாய்ப்பு, இல்லாதவர்களைப் போல மூன்றரை மடங்கு. முந்தைய தேர்வு மதிப்பெண், குடும்ப வருமானம் ஆகியவற்றைவிட இதுவே நம்பகமாக முன்னறிவித்தது. ஒன்பதாம் வகுப்புக்கு எந்த ஆசிரியர்களைப் போடுகிறார்கள் என்பதைப் பார்த்தே ஒரு பள்ளியின் எண்ணத்தைக் கணிக்கலாம்.

ஏழைகள் நிறைந்த நகரத்துப் பள்ளிகள் மொத்தமாக மேலேறிய இடம் ஏதாவது உண்டா?

லண்டன். 2000களின் தொடக்கத்தில் உட்பகுதிப் பள்ளிகள் நாட்டிலேயே பின்தங்கியவை என்று பெயரெடுத்திருந்தன. பத்தாண்டில் நிலைமை தலைகீழானது. வசதி குறைந்த லண்டன் மாணவர்கள் நாட்டின் மற்றப் பகுதிகளில் உள்ள தம்மைப் போன்றவர்களை முந்தினார்கள். ஏன் என்பதில் இன்னும் ஒருமித்த பதில் இல்லை. 2003 முதல் 2011 வரை நடந்த ‘லண்டன் சேலஞ்ச்’ திட்டத்தில் நல்ல பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் தடுமாறும் பள்ளிகளுக்குக் கைகொடுத்தார்கள். அதுதான் காரணம் என்பார் பலர். தொடக்கப் பள்ளிகள் அதற்கு முன்பே தேறியிருந்தன என்பார் சிலர். மாணவர்களின் இனக் கலவை மாறியதும், குடியேறிய குடும்பங்கள் படிப்பின் மேல் வைத்த ஆசையுமே பெரும் பங்கு என்று பொருளாதார அறிஞர் சைமன் பர்ஜஸ் 2014இல் வாதிட்டார். எந்த விளக்கத்தை எடுத்துக்கொண்டாலும், வறுமையும் பல மொழிகளும் நிறைந்த பள்ளி என்றால் பின்தங்கித்தான் தீரும் என்ற நினைப்பை லண்டன் உடைத்துவிட்டது.

தரவரிசை இணையதளங்களை நம்பி வீடு பார்க்கலாமா?

வேண்டாம். சேர்ந்தவர்களின் வசதியை அளந்து, அதற்குப் பள்ளித் தரம் என்று பெயர் வைத்திருப்பவை பல. அமெரிக்காவின் பாஸ்டன் புறநகரில் பொருளாதார அறிஞர் சாண்ட்ரா பிளாக் செய்த 1999ஆம் ஆண்டு ஆய்வில், தொடக்கப் பள்ளி மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் அந்த எல்லைக்குள் இருக்கும் வீட்டுக்குப் பெற்றோர் ஏறத்தாழ 2.5 சதவீதம் அதிகம் கொடுத்தார்கள். அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று தெரிந்து கொடுங்கள்.

மதிப்பெண் உயராவிட்டால் நடவடிக்கை என்று கெடுபிடி செய்தால் பள்ளி திருந்துமா?

கெடுபிடி மட்டும் இருந்தால் எண் திருந்தும். ஓர் அளவுகோலின் மேல் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோமோ அவ்வளவு அது கெட்டுப்போகும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970களிலேயே எச்சரித்தார். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் 2009ஆம் ஆண்டுத் தேர்வில் நடந்தது அதுதான். மாநில அரசு நடத்திய விசாரணை 2011இல் 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் நிர்வாகிகளும் முறைகேட்டில் ஈடுபட்டதாகச் சொன்னது. விடைத்தாளில் தவறான விடைகளை அழித்துத் திருத்தியிருந்தார்கள். 2015இல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. இதில் ஏமாந்தது அரசாங்கம் என்று பலர் எழுதினார்கள். உண்மையில் ஏமாந்தவர்கள் பிள்ளைகள். தேறிவிட்டதாகச் சொல்லப்பட்டதால் அவர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் வகுப்பு கிடைக்காமல் போனது.

பள்ளிக்கு நேரில் போனால் தலைமையாசிரியரிடம் என்ன கேட்பது?

மொத்தத் தேர்ச்சியைக் கேட்க வேண்டியதில்லை, அதைச் சுவரிலேயே எழுதியிருப்பார்கள். நான்கு ஆண்டுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இங்கேயே முடித்தார்கள், மீதிப் பேர் எங்கே என்று கேளுங்கள். உயர் கணிதம், இயற்பியல் வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்களின் கலவை பள்ளியின் மொத்தக் கலவையோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள். வெளியே பார்த்தால் எல்லாத் தரப்பும் கலந்த பள்ளியாக இருக்கும், உள்ளே போனால் வசதியான பிள்ளைகள் ஒரு மாடியிலும் மற்றவர்கள் இன்னொரு மாடியிலும் இருப்பார்கள். ஆசிரியர்கள் எத்தனை ஆண்டு தங்குகிறார்கள் என்பதையும், நடுவில் வந்து சேரும் மாணவருக்கு முதல் வாரத்தில் என்ன செய்வீர்கள் என்பதையும் கேளுங்கள். எண்களைப் புரட்டிப் பார்க்காமலே பெயர் சொல்லி, இந்தப் பிள்ளைக்கு இப்படிச் செய்தோம், இந்த முறை பலிக்கவில்லை என்று பதில் சொல்கிற தலைமையாசிரியர் கிடைத்தால், பட்டியலில் அந்தப் பள்ளி எந்த இடத்தில் இருந்தாலும் பிள்ளையைச் சேர்க்கலாம்.